பிக் டென்னா, எஸ்.இ.சி.யா? கோச்சிங்கை நேர்மையாக ஒப்பிடும் வழி

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம்ம மதுரைப் பிள்ளைகளை அங்குள்ள கல்லூரிக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) முதல் வருடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. கொலம்பஸில் படிப்பவன் பிக் டென் கூட்டமைப்பின் ஓஹையோ ஸ்டேட் கட்சி, ஏதென்ஸில் படிப்பவன் எஸ்.இ.சி. கூட்டமைப்பின் ஜார்ஜியா கட்சி. லீவுக்கு ஊருக்கு வந்தால் என்னிடம் பஞ்சாயத்துக்கு வருகிறார்கள்: "எந்தக் கான்ஃபரன்ஸில் கோச்சிங் உசத்தி, நீங்களே சொல்லுங்க சார்."

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. மதுரையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் கால்பந்தும் கபடியும்தான் என் தொழில். மகள் மிஷிகனில் குடியேறிய பிறகு அந்த முட்டை வடிவப் பந்தும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அங்கே சனிக்கிழமை நண்பகல் ஆட்டம் தொடங்கினால் நமக்கு இரவு 9:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 10:30. விதிகள் வேறாக இருந்தாலும் கோச்சின் வேலை அங்கும் இங்கும் ஒன்றுதான் என்பது பார்க்கப் பார்க்கப் புரிந்தது. கையில் கிடைத்த பையனை, கிடைத்த நாளில் இருந்ததைவிட நல்ல ஆட்டக்காரனாக்கி அனுப்புவதுதான் அந்த வேலை. எந்தக் கட்சி ஜெயித்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் லீக் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. பிக் டென் 1896இல் தொடங்கியது, வடக்கு மாநிலங்களில் வேர் உள்ளது. எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) 1932இல் உருவானது, தெற்கத்தியது. 2024 முதல் பிக் டென்னில் 18 அணிகள், எஸ்.இ.சி.யில் 16. பெயரில் பத்து இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், பெயர் பழையது.

முதலில் கோப்பையை எண்ணுவதை நிறுத்துங்கள். 2006 முதல் 2012 வரை ஏழு தேசியப் பட்டங்களும் வரிசையாக எஸ்.இ.சி.க்கே போயின. 2023இல் மிஷிகன், 2024இல் ஓஹையோ ஸ்டேட், 2025இல் இண்டியானா என்று அடுத்தடுத்த மூன்று பருவங்களும் பிக் டென்னுக்கு. 2012இல் தெற்கே குவிந்திருந்த கோச்சிங் அறிவு 2023இல் ரயிலேறி வடக்கே போய்விட்டதா? பட்டம் ஒரே ஒரு அணிக்குக் கிடைப்பது. மீதி 15 அல்லது 17 கோச்சுகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்து, கான்ஃபரன்ஸுக்குள் நடந்த ஆட்டங்களின் வெற்றி தோல்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 2024, 2025 பருவங்களில் பிக் டென் அணி ஒவ்வொன்றும் தன் கூட்டமைப்புக்குள் 9 ஆட்டம் ஆடியது. 18 அணி, ஆளுக்கு 9 என்றால் மொத்தம் 81 ஆட்டம். 81 வெற்றி, 81 தோல்வி. எஸ்.இ.சி.யில் ஆளுக்கு 8 ஆட்டம். 64 வெற்றி, 64 தோல்வி. எல்லாக் கோச்சும் மேதையாக இருந்தாலும், எல்லாரும் சுமாராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 9 ஆட்டம் ஆடினால் சராசரியாக ஓர் அணிக்கு 4.5 தோல்வி, 8 ஆடினால் 4. மிச்சமிருக்கும் அந்த ஓர் ஆட்டத்தில் லேசான எதிரணியை அழைத்து ஜெயித்துக்கொள்ளலாம். எஸ்.இ.சி. அணிகள் பல, நவம்பரில் பெரிய ஆட்டத்துக்கு முந்தைய வாரம் இப்படிச் செய்துவந்தன. 2026 முதல் அவர்களும் 9 ஆட்டத்துக்கு வருகிறார்கள். அதற்கு முந்தைய ரெக்கார்டுகளை ஒப்பிடும்போது இந்த அரைத் தோல்வியைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

கையில் என்ன கிடைத்தது?

ஒப்பீட்டின் இதயம் இங்கேதான். என் பணிக்காலத்தில் இலவச ஹாஸ்டலும் மெஸ்ஸும் கொடுத்த கல்லூரிகள் பள்ளியிலேயே மாநில அளவில் ஆடிய பையன்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்துக்கொள்ளும். எங்களிடம் வந்தவர்களில் பலர் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பையன்கள். முதல் வருடம்தான் பூட்ஸ் போட்டுப் பழகுவார்கள். இரண்டு அணியும் அரையிறுதியில் மோதி அவர்கள் 2-1 என்று ஜெயித்தால், எந்தக் கோச் நன்றாக வேலை செய்தார் என்பதை அந்த ஸ்கோர் சொல்லாது. பயிற்சியாளர்களாகிய எங்களுக்கு அது தெரியும். கேலரியில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இதை அளக்க வசதி இருக்கிறது. பள்ளி முடித்து வரும் ஒவ்வொரு பையனுக்கும் 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்ற நிறுவனங்கள் இரண்டிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்புப் போடுகின்றன. ஐந்து நட்சத்திரம் வருடத்துக்குச் சுமார் 30 பேருக்குத்தான். எந்த அணி யாரை எடுத்தது என்ற தரவரிசை எல்லாருக்கும் கிடைக்கும். அதை வைத்து ஒரு நோட்டில் இப்படிக் கட்டம் போடுங்கள். அணியின் பெயர், கோச்சின் பெயர், கடந்த நான்கு வருட ரெக்ரூட்டிங்கில் (பள்ளி முடித்த ஆட்டக்காரர்களை எடுப்பதில்) பிடித்த இடத்தின் சராசரி, பருவ முடிவில் அந்த அணி நின்ற இடம். முடிவு இடத்துக்கு, பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடும் ஏ.பி. வாக்கெடுப்பை மட்டும் நம்ப வேண்டாம், அதில் 25 அணிதான் வரும். பில் கானலி என்பவர் உருவாக்கிய எஸ்.பி. பிளஸ் போன்ற மதிப்பீடு எல்லா அணிகளையும் வரிசைப்படுத்தும். ஆட்டத்துக்கு ஆட்டம், எதிரணியின் பலத்தையும் சேர்த்துப் பார்க்கும். ரெக்ரூட்டிங்கில் 45ஆம் இடம், முடிவில் 20ஆம் இடம் என்றால் அந்தக் கோச் 25 படி ஏற்றியிருக்கிறார்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ரெக்ரூட்டிங்கில் வழக்கமாக முதல் சில இடங்களுக்குள் இருக்கும் ஜார்ஜியாவுக்கு மேலே ஏற இடமே இல்லை, இறங்க மட்டும்தான் முடியும். அதனால் ஜார்ஜியாவின் கோச் கர்பி ஸ்மார்ட்டையும் பிக் டென்னில் அயோவாவின் கோச் கர்க் ஃபெரன்ட்ஸையும் ஒரே வரிசையில் வைத்து, இவர் ஏற்றினார் அவர் ஏற்றவில்லை என்று சொல்வது அநியாயம். அணிகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: ரெக்ரூட்டிங்கில் முதல் 10 இடம், 11 முதல் 30, அதற்குக் கீழே. பிக் டென்னின் முதல் கூட்டத்தை எஸ்.இ.சி.யின் முதல் கூட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், நடுக் கூட்டத்தை நடுக் கூட்டத்தோடு. ஒவ்வொரு கூட்டத்திலும் சராசரியை எடுக்காமல் நடுவில் நிற்கும் கோச்சின் எண்ணை எடுங்கள். ஒரே ஓர் அதிசயப் பருவம் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்படி ஓர் அதிசயம் கண்ணெதிரே நடந்தது. இண்டியானா 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். 2024இல் 11-2, 2025இல் தோல்வியே இல்லாமல் பட்டம். எடுத்த பையன்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இல்லாத அணி பட்டம் ஜெயிக்காது என்று அதுவரை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த விதி அதோடு உடைந்தது. மகத்தான கோச்சிங், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் தன் பழைய கல்லூரியிலிருந்து 13 ஆட்டக்காரர்களைக் கூடவே அழைத்து வந்தார். 2025இல் தாக்குதலை நடத்திய குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது. 2021 முதல் ஒரு தடவை கல்லூரி மாறினால் உட்கார வைக்காமல் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. அதன் பிறகு பள்ளி நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். மாறி வந்தவர்களுக்கு இன்னொரு கட்டம் போடுங்கள். வேறு இடத்தில் இரண்டு வருடம் பயிற்சி பெற்ற 22 வயதுக்காரனின் திறமையில் பழைய கோச்சுக்கும் பங்கு உண்டு.

இடம் மாறிய கோச்சுகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரண்டு கான்ஃபரன்ஸிலும் வேலை பார்த்த ஒரே ஆளைப் பிடித்துப் பாருங்கள். ஆள் மாறவில்லை, சூழல் மாறியது. அப்போது எது யாரால் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

நிக் சேபனை எல்லாரும் அலபாமாக்காரர் என்றே நினைக்கிறார்கள். 1995 முதல் 1999 வரை அவர் பிக் டென்னில் மிஷிகன் ஸ்டேட்டின் தலைமைக் கோச். முதல் நான்கு பருவத்தில் ஏழு வெற்றியைத் தாண்டவில்லை, ஐந்தாவதில்தான் 9-2. பிறகு எஸ்.இ.சி.யில் எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட்) போய் 2003இல் பட்டம், அலபாமாவில் ஆறு பட்டம். அலபாமாவிலும் முதல் பருவம் 2007இல் 7-6தான். மிஷிகன் ஸ்டேட்டில் சேபன் மோசமான கோச்சாகவா இருந்தார்? வயதும் அனுபவமும் கூடியது உண்மை. ஆனால் லூசியானாவிலும் அலபாமாவிலும் அவருக்குக் கிடைத்த பையன்களும் பணமும் மிஷிகன் ஸ்டேட்டில் கிடைக்கவில்லை. அவருடைய பட்டங்களில் எஸ்.இ.சி. மண்ணின் பங்கு எவ்வளவு, அவர் பங்கு எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவன் பாதிக் கிணறு தாண்டிவிட்டான்.

அர்பன் மேயர் எதிர்த் திசை. ஃபுளோரிடாவில் 2006, 2008 பட்டங்கள். ஓஹையோ ஸ்டேட்டுக்கு வந்து 2014 பட்டம். இரண்டு இடத்திலும் முதல் கூட்டத்துப் பையன்கள் கிடைத்தார்கள், இரண்டு இடத்திலும் ஜெயித்தார். உச்சியில் இருக்கும் இரண்டு கான்ஃபரன்ஸ் அணிகளுக்கும் கோச்சின் வேலை கிட்டத்தட்ட ஒன்றே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிரெட் பிலீமா கதையைத்தான் நான் அதிகம் சொல்வேன். விஸ்கான்சினில் வரிசையாக மூன்று பருவம், பருவ முடிவில் நடக்கும் பெரிய ஆட்டமான ரோஸ் பௌல் வரை அணியைக் கொண்டுபோனவர். 2013இல் எஸ்.இ.சி.யின் ஆர்கன்சாவுக்குப் போனார். முதல் பருவத்தில் கான்ஃபரன்ஸ் ஆட்டம் எட்டிலும் தோல்வி. மொத்தம் 29-34 என்ற கணக்கோடு 2017இல் வெளியேற்றப்பட்டார். இதை மட்டும் பார்த்தால், பிக் டென் கோச் எஸ்.இ.சி.யில் தேறமாட்டார் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் அங்கே அவருக்கு ஒரே பிரிவில் அலபாமா, எல்.எஸ்.யு., ஆபர்ன், அந்தப் பையன்களோடு மோத அவரிடம் அதே ரகப் பையன்கள் இல்லை. 2021இல் பிக் டென்னின் இல்லினாய் அவரை எடுத்தது. 2024இல் 10-3, கடைசி ஆட்டத்தில் எஸ்.இ.சி.யின் சௌத் கரோலினாவை 21-17 என்று ஜெயித்தது. ஆள் ஒருவர்தான்.

ஜேம்ஸ் ஃபிராங்க்ளினையும் விட்டுவிடாதீர்கள். எஸ்.இ.சி.யின் கடைசி வரிசையில் கிடந்த வேண்டர்பில்ட்டை 2012, 2013 இரண்டு பருவத்திலும் 9-4க்குக் கொண்டுவந்தார். அவர் வருவதற்கு முந்தைய இரண்டு பருவமும் அந்த அணி 2-10. என் கணக்கில் அது பல பட்டங்களைவிடப் பெரிய வேலை. பென் ஸ்டேட்டில் நிறைய ஜெயித்தும் முன்னணி அணிகளிடம் தோற்கிறார் என்ற குறை தீரவில்லை. 2025 அக்டோபரில் வேலை போயிற்று. கீழிருந்து நடுவுக்கு ஏற்றும் திறமையும், மேலே இருந்துகொண்டு கடைசி ஒன்றை ஜெயிக்கும் திறமையும் வேறு வேறு. உங்கள் நோட்டில் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் வேண்டும்.

கோச்சுகளின் குரு-சிஷ்ய வரிசையையும் எழுதிப் பாருங்கள். சேபன் 1980, 81இல் ஓஹையோ ஸ்டேட்டில் உதவிக் கோச். சிக்னெட்டி அலபாமாவில் சேபனிடம் வேலை பார்த்தவர். ஆரகனின் டான் லேனிங் அலபாமாவில் சின்ன வேலையில் இருந்து, ஜார்ஜியாவில் டிஃபென்ஸ் பொறுப்பேற்று, இப்போது பிக் டென்னில் இருக்கிறார். "எஸ்.இ.சி. கோச்சிங்", "பிக் டென் கோச்சிங்" என்று இரண்டு தனிப் பள்ளிகள் இல்லை என்பது அந்த வரிசையை வரைந்தாலே தெரிந்துவிடும்.

அதிர்ஷ்டத்தைக் கழியுங்கள். ஆபர்ன் 2013இல் 12-2. அதில் ஜார்ஜியாவுக்கு எதிராக, எதிரணி ஆட்களின் கையில் பட்டுத் தெறித்த பந்து தங்கள் ஆளிடமே விழுந்து ஒரு வெற்றி. அலபாமாவுக்கு எதிராக, கடைசி நொடியில் குறுகிப்போன 57 கெஜ ஃபீல்டு கோல் உதையின் பந்தைப் பிடித்து மறுமுனை வரை ஓடி இன்னொரு வெற்றி. அடுத்த பருவம் 8-5. நெப்ராஸ்கா 2021இல் 3-9. ஒன்பது தோல்வியும் 9 புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில்தான். அந்தக் கோச் அடுத்த வருடம் மூன்றே ஆட்டத்தில் வேலையை இழந்தார். ஒரு டச் டவுனுக்குள் (பந்தை ஒரு தடவை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் கிடைக்கும் புள்ளி வித்தியாசத்துக்குள்) முடிந்த ஆட்டங்களைத் தனியாக எண்ணி, அவற்றை அரை வெற்றி, அரைத் தோல்வி என்று வைத்துக்கொண்டால் உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கலாம். கீழே விழுந்த பந்தை யார் எடுப்பது என்பதும் ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது மாதிரிதான்.

நேருக்கு நேர் ஆட்டங்களை எல்லாரும் பெரிதாகப் பேசுவார்கள். பாருங்கள், ஆனால் எங்கே, யார் ஆடினார்கள் என்று பாருங்கள். டிசம்பர் 2024இல் ஓஹையோ ஸ்டேட் டென்னஸியை 42-17 என்று ஜெயித்தது கொலம்பஸ் குளிரில். ஃபுளோரிடாவில் நடக்கும் சிட்ரஸ் பௌல் போன்ற ஆட்டங்கள் தெற்கத்தி அணிகளுக்குப் பக்கத்து ஊர். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டுக்குப் போகும் பெரிய ஆட்டக்காரர்கள் பௌல் ஆட்டத்தில் ஆடாமல் ஒதுங்கிக்கொள்வதும் சாதாரணம். செப்டம்பரில் நடக்கும் கான்ஃபரன்ஸ் தாண்டிய ஆட்டங்களே எனக்கு அதிக நம்பிக்கை தருபவை.

இனி, களத்தில் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது ரிசர்வ் ஆளை. 2014இல் ஓஹையோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் பருவம் தொடங்கும் முன்பே காயம். இரண்டாமவருக்கு மிஷிகன் ஆட்டத்தில் காயம். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து இறங்கி விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, இறுதியில் ஆரகனை 42-20 என்று ஜெயித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளுக்கும் தினமும் சொல்லிக்கொடுத்த கோச்சிங் ஸ்டாஃப் இருந்தால்தான் இது நடக்கும். நானும் என் பையன்களிடம் அதையேதான் எதிர்பார்த்தேன்: பதினைந்தாவது ஆளுக்கும் பந்து வைத்திருக்கும் எதிரணிக்கு பிரஷர் எப்படிப் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பந்து ஆட்டத்துக்கு வரும் முன்பே செய்யும் தவறுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி அசைவது, நேரம் கடத்தி அபராதம் வாங்குவது, ஆட்களை எண்ணத் தெரியாமல் டைம்-அவுட்டை வீணாக்குவது. இவை திறமைக் குறைவால் வருவதில்லை, பயிற்சிக் குறைவால் வருகின்றன. இடைவேளைக்குப் பிறகு என்ன மாறியது என்பது அடுத்தது.

காலமும் கொடுக்க வேண்டும். ஃபெரன்ட்ஸ் அயோவாவுக்கு வந்த 1999இல் 1-10, அடுத்து 3-9, அடுத்து 7-5, 2002இல் 11-2. இரண்டாம் வருடம் மதிப்பெண் போட்டிருந்தால் அவரைத் துரத்தியிருப்பார்கள். என் முறைப்படி மூன்று பருவம் முடியாத கோச்சின் பெயருக்கு நேரே பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

நம்ம ஊருக்கு இதே கணக்கு

இதையெல்லாம் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. பிளஸ் டூ முடித்த பையனைக் கூட்டிக்கொண்டு, எந்தக் கல்லூரியில் சேர்த்தால் நல்ல கோச்சிங் கிடைக்கும் என்று ரேஸ் கோர்ஸ் மைதானத்து வாசலில் விசாரிக்கும் பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களுக்கும் இதே முறை பயன்படும்.

தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிகளில் கேரளத்து அணிகள் கால்பந்தில் முன்னே நிற்பதை வைத்து, அங்கே கோச்சிங் உசத்தி, காமராசர் பல்கலைக்கழகத்தில் இல்லை என்று பேசுகிறார்கள். மலப்புரத்துப் பையன் சின்ன வயதிலிருந்தே செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் கால்பந்து) ஆட்டங்களைப் பார்த்தும் ஆடியும் வளர்ந்து கல்லூரிக்கு வருகிறான். நம் பையன் எந்த நிலையில் வந்தான் என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசுங்கள். மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019இல் இந்திய மகளிர் லீக்கை ஜெயித்தபோது கோச் அம்ரிதா அரவிந்த். அந்த அணியில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி போன்ற தேர்ந்த வீராங்கனைகளும் இருந்தார்கள். கோச்சின் பெருமையும் வீராங்கனைகளின் தரமும் இரண்டும் உண்மை. இரண்டையும் சொல்வதால் எதுவும் குறைந்துவிடாது.

நமக்கு நட்சத்திர மதிப்பு போடும் நிறுவனம் இல்லை. அதற்குப் பதில் கல்லூரியில் போய்க் கேளுங்கள். இந்த வருட அணியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள் எத்தனை பேர், சாதாரண அட்மிஷனில் வந்து அணிக்குள் நுழைந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது எண் பூஜ்யம் என்றால் அங்கே தேர்வு நடக்கிறது, பயிற்சி நடக்கவில்லை. முதல் வருடம் சேர்ந்த அணியில் மூன்றாம் வருடமும் ஆடுபவர்கள் எத்தனை பேர், டிகிரி முடித்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கோச்சுக்கு ஏ.ஐ.எஃப்.எஃப். (அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு) லைசென்ஸ் எந்த நிலை, டி-யா, சி-யா, பி-யா? பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ இருக்கிறதா? சான்றிதழ் இருப்பதாலேயே நல்ல கோச் ஆகிவிடமாட்டார், ஆனால் கற்றுக்கொள்ள மெனக்கெட்டவர் என்று தெரியும்.

பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். கோச் வந்திருக்கிறாரா, அல்லது சீனியர் பையன் விசில் ஊதுகிறானா? பந்து எத்தனை இருக்கிறது, ஒவ்வொருவர் காலிலும் எவ்வளவு நேரம் படுகிறது? தப்பாகப் பாஸ் கொடுத்தவனைத் திட்டுகிறாரா, நிறுத்தித் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் காட்டுகிறாரா? வாரம் கழித்து இன்னொரு முறை போய், அன்று தப்பு செய்த அதே பையன் இப்போது எப்படிப் பாஸ் கொடுக்கிறான் என்று பாருங்கள். இரண்டு கல்லூரியிலும் இதைச் செய்துவிட்டு அட்மிஷன் ஃபாரம் வாங்குங்கள்.